ஏரியை மூடி வைத்த வரி

காலை எட்டே முக்காலுக்கும் குவோபியோ நகரத்தில் இருட்டுதான்; தெருவிளக்குகளை அணைக்கவில்லை.

தைஸ்தோ காரைச் சர்கோலா நிறுவனத்தின் வாசலில் நிறுத்தினான். அவன் மடியில் ஒரு பொட்டலம். கறுப்பு ரொட்டிக்குள் மீனை வைத்துச் சுட்டது. இன்னும் இளஞ்சூடு. அதை மறுபடி எப்படிச் சூடாக்குவது என்று அச்சடித்த துண்டுத் தாளும் கூட வந்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ராக்கெல் வூரியோ தாளை எடுத்துப் படித்துவிட்டுக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். அச்சில் வந்த எதையும் அவர் படிக்காமல் விடுவதில்லை.

ராக்கெல் காப்பீட்டுக் கம்பெனியில் பொய்க் கோரிக்கைகளைப் பிடித்துக்கொண்டிருந்தவர். இப்போது சொந்தமாகத் துப்பறிகிறார். அவருடைய உதவியாளன் தைஸ்தோ கல்யாணங்களில் அக்கார்டியன் வாசித்துக்கொண்டிருந்தவன். இரண்டும் ஒரே வேலைதான் என்பான். மூலையில் நின்று யார் யாரை முறைக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

வாசலில் காலணிகளைக் கழற்றினார்கள். தைஸ்தோவின் காலுறையில் ஓட்டை.

"கட்டை விரல் எட்டிப் பாக்குது," என்றார் ராக்கெல்.

"அதுவும் துப்பறியட்டும் மேடம். தனியாச் சம்பளம் கேக்காது."

நிர்வாகி ஹெல்கா சர்கோலா மேசைமேல் ஒரு செய்தித்தாளை விரித்து வைத்திருந்தார். முதல் பக்கத்தில் புகைப்படம். ஏரிக்கரையில் பனி தள்ளும் வண்டிகள் ஏழு, ஒன்றன்பின் ஒன்றாக, தண்ணீரைப் பார்த்து நின்றன.

கதையை அவர் சுருக்கமாகச் சொன்னார். எந்தத் தெருவில் முதலில் பனியைத் தள்ளுவது, எந்த வழியாகப் போவது என்று இந்த வண்டிகளுக்குச் சொல்லும் கணினி நிரலை எழுதுவதுதான் நிறுவனத்தின் தொழில். போன புதன்கிழமைதான் இந்த வருடத்தின் முதல் பெரிய பனி. ஏரிக்கு அக்கரையில் இருக்கும் நகராட்சியின் ஏழு வண்டிகளுக்கும் உள்ளிருக்கும் திரை ஒரே வழியைச் சொன்னது. நேராகப் போ. நேராக இருந்தது ஏரி. ஜனவரியில் அது உறைந்ததும் அதன்மேல் பாதை குறிப்பார்கள், லாரிகூடப் போகும். இது நவம்பர். முதல் ஓட்டுநர் கரையில் நிறுத்தினார். மற்றவர்கள் பின்னால் வந்து நின்றார்கள். பிளாஸ்கைத் திறந்து காப்பி குடித்தார்கள். படம் எடுத்தார்கள். ஊர்ப் பிள்ளைகள் மத்தியானம்தான் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தார்கள்.

"நல்ல வேளை, ஓட்டுநருங்க திரையை நம்பல," என்றார் ஹெல்கா.

"கரைவரைக்கும் நம்பியிருக்காங்களே," என்றான் தைஸ்தோ.

ஹெல்கா அவன் கட்டை விரலைப் பார்த்தார். பிறகு ராக்கெலிடம் திரும்பினார். பனி பெய்த புதனுக்கு முந்தின வாரம், வியாழக்கிழமை சாயங்காலக் காப்பி நேரத்தில், யாரோ நிரலிலிருந்து ஒரு வரியை அழித்திருக்கிறார்கள். ஒரே ஒரு வரி. அழித்தவர் பெயர் என்று கணினி காட்டுவது சைமி லுவோதோ. எந்த வரி என்பது தனக்கும், சைமிக்கும், மூத்த நிரலாளன் ஒஸ்மோவுக்கும் மட்டும்தான் தெரியும். நகராட்சி பெயரைக் கேட்கிறது. பெயருக்குரியவர் இனி இங்கே வேலையில் இல்லை என்று எழுதித் தரவும் கேட்கிறது. பன்னிரண்டு மணிக்குப் போன் வரும்.

"பேரு இருக்கே. அப்புறம் நாங்க எதுக்கு?" என்று கேட்டார் ராக்கெல்.

"பன்னெண்டு வருஷமா என்கூட இருக்கா. அனுப்பறதுன்னா சந்தேகமில்லாம அனுப்பணும்."

அனுப்பினால் என்ன ஆகும் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. குவோபியோவில் நிரல் எழுதுகிறவர்கள் எல்லாரும் குளிர்காலத்தில் ஏரிப் பனிக்கட்டியில் வெட்டிய ஒரே துளையில் இறங்கி முங்குகிறவர்கள், ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். ஏரிக்கு வண்டி அனுப்பியவள் என்று பெயர் விழுந்தால், பிறகு ஒருவரும் அவள் கையில் ஒரு பொத்தானைக்கூடத் தரமாட்டார்கள்.

"அவ செஞ்சதுக்கு வேற ஏதாவது சாட்சி?"

"இருக்கு. காப்பி அறையில ஒட்டியிருக்கு," என்றார் ஹெல்கா.

காப்பி இயந்திரத்துக்கு மேலே சுவர் முழுக்கச் சின்னச் சின்ன மஞ்சள் தாள்கள். வாரத்துக்கு ஒன்றாகச் சைமி ஒட்டுவது. கருவிகள், மொழிகள், நிரலை எப்படிக் கட்டுவது என்பது பற்றிய குறிப்புகள். எதுவும் இரண்டு வாக்கியத்தைத் தாண்டவில்லை. 'புதுக் கருவி வந்தால் பழைய தப்பு வேகமாக நடக்கும்.' 'மொழியைக் குறை சொல்லும் முன் நேற்று எழுதியதைப் படி.' 'பெயர் வைக்க முடியவில்லை என்றால் உனக்கு இன்னும் புரியவில்லை.' சிலவற்றின் கீழே மற்றவர்கள் பேனாவால் பதில் சொல்லியிருந்தார்கள். 'நீ முதலில் உன் கோப்பையைக் கழுவு' என்று ஒன்று.

ஹெல்கா கடைசித் தாளைத் தொட்டுக் காட்டினார்.

'எதற்கென்று தெரியாத வரியை அழித்துப் பார். யார் கத்துகிறார்கள் என்று தெரியும்.'

"அந்த வியாழனுக்கு முந்தின நாள் ஒட்டினா. மறுநாள் வரி போச்சு," என்றார்.

"கத்தினது ஏழு ஓட்டுநருங்க," என்றான் தைஸ்தோ.

ராக்கெல் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "மருந்து எழுதிக் குடுத்தவங்கதான் மருந்தைக் குடிக்கணுமா?"

சைமி தன் இடத்தில் இருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். மேசை இழுப்பறையைக் காலி செய்து ஒரு சாக்குப் பையில் போட்டுக்கொண்டிருந்தாள். கேள்விகளுக்கு நிமிராமலே பதில் சொன்னாள். அந்த வியாழக்கிழமை காப்பி நேரத்தில் வெளியே, படகுத்துறையில் தனியாகக் காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். பார்த்தவர் யாருமில்லை. கணினியைப் பூட்டிவிட்டுப் போகவில்லை.

"நான் அழிக்கலன்னு ஹெல்காகிட்ட சொன்னியாம்மா?"

"சொன்னேன். அப்ப ஏன் பூட்டாம போனேன்னு கேட்டாங்க. அதுவும் தப்புத்தான்."

"அந்தக் குறிப்பு?"

சைமி முதல் முறையாக நிமிர்ந்தாள். "உன் சொந்த நகல்ல அழிச்சுப் பாருன்னு எழுதியிருக்கணும். தாள் சின்னது. 'சொந்த நகல்'ங்கறதுக்கு இடம் இல்ல."

"இன்னொரு தாள் எடுத்திருக்கலாமே," என்றான் தைஸ்தோ.

"ரெண்டு தாள்னா அது குறிப்பில்ல. பிரசங்கம்."

அழித்த வரியோடு கூட ஏதாவது எழுதியிருக்கிறதா என்று ராக்கெல் கேட்டார். இந்த நிறுவனத்தில் எந்த மாற்றத்தையும் ஏன் செய்தோம் என்று ஒரு வாக்கியமாவது எழுதாமல் அனுப்ப முடியாது என்றாள் சைமி. அதுவும் அவள் கொண்டு வந்த சட்டம். திரையில் காட்டினாள். வியாழக்கிழமை மாற்றத்துக்குரிய இடத்தில் இருந்தது ஒரே ஒரு முற்றுப்புள்ளி.

"ஹெல்கா என்ன சொல்றாங்க இதுக்கு?"

"குத்தம் செய்யறவங்க கொஞ்சமாத்தான் எழுதுவாங்கன்னு."

மாற்றம் போனதும் வேறு யாரும் சரி பார்க்க மாட்டார்களா என்று தைஸ்தோ கேட்டான். ஒரு வரி சேர்த்தால் நான்கு பேர் வந்து நூறு கேள்வி கேட்பார்கள், அழித்தால் ஒருவரும் கேட்பதில்லை, எல்லாருக்கும் அழிக்கத்தான் ஆசை என்றாள்.

ராக்கெல் மேசை ஓரத்தில் இருந்த காலிக் கேக் டப்பாவைப் பார்த்தார். "யாருக்குப் பிறந்த நாள்?"

யாருக்கும் இல்லை. அது தண்டனை. இங்கே யாராவது கணினியைப் பூட்டாமல் எழுந்து போனால், பார்க்கிறவர் அங்கே உட்கார்ந்து, போனவர் பெயரிலேயே எல்லாருக்கும் ஒரு செய்தி அனுப்பிவிடலாம். நாளைக்கு நான் கேக் கொண்டு வருகிறேன் என்று. மறுநாள் அவர் பேசாமல் கேக் கொண்டு வர வேண்டும். அனுப்பியவர் யார் என்று கேட்கக் கூடாது. அனுப்பியவரும் சொல்லமாட்டார். அதுதான் விளையாட்டின் மரியாதை.

"எப்ப வந்தது அந்தச் செய்தி?"

"அதே வியாழக்கிழமை. நான் துறையில இருந்தப்ப."

"ஹெல்காவுக்குத் தெரியுமா?"

"கேக் சாப்பிட்டாங்க. ரெண்டு துண்டு."

செய்தியைக் காட்டச் சொன்னார் ராக்கெல். 'நாளைக்கு நான் கேக் கொண்டு வருகிறேன். கவலை வேண்டாம், கொட்டை போட மாட்டேன்.'

"நீ இப்ப எழுந்திரு. தைஸ்தோ, உக்காந்து உன் பேரை அடி."

தைஸ்தோ உட்கார்ந்தான். சைமியின் விசைப்பலகையில் எழுத்துகளே இல்லை. எல்லா விசையும் வெறும் கறுப்பு. எழுத்துகளின் வரிசையையும் அவள் தன் விரல்களுக்கு ஏற்றபடி மாற்றி வைத்திருந்தாள். அவன் ஆறு விசைகளைத் தட்டினான். திரையில் ஏதோ வந்தது.

"என் பேரா இது? தும்மல் மாதிரி இருக்கு."

"மாத்தின வரிசை வேற யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார் ராக்கெல்.

"யாருக்கும் தெரியாது. ஒஸ்மோ ஒரு தடவ முயற்சி பண்ணிட்டு ரெண்டு நாள் என்கூடப் பேசல."

ராக்கெல் சைமியின் நாற்காலிக்குப் பின்னால் நின்று யோசித்தார். தைஸ்தோவுக்கு அந்த நிலை தெரியும். உள்ளே ஏதோ வெந்துகொண்டிருக்கிறது, மூடியைத் திறக்கக் கூடாது.

"வரியை அழிக்க எழுத்து வேணாம்," என்றார் கடைசியில். "மவுஸால வெட்டிடலாம். கேக் செய்தி அடிக்கவும் வேணாம், பழைய செய்தி ஒண்ணை எடுத்து அப்படியே ஒட்டிடலாம். ஆனா காரணம் எழுதற இடத்துல ஏதாவது அடிச்சே ஆகணும். தடவித் தடவிப் பாத்திருக்காங்க. கையில அகப்பட்டது ஒரு புள்ளி."

சைமி சாக்குப் பையைக் கீழே வைத்தாள்.

"இந்த நாற்காலியில உக்காந்தவங்களுக்கு இந்தக் கீபோர்டுல ஒரு எழுத்துகூட அடிக்கத் தெரியல," என்றார் ராக்கெல். "கொட்டை யாருக்கு ஆகாது?"

யாருக்கும் அப்படி இல்லை என்றாள் சைமி. பிறகு யோசித்து, பெந்தி என்று ஒருவர் இருந்தார், அவருக்கு ஆகாது, அவர் ஓய்வு பெற்று நான்கு வருடம் ஆகிவிட்டது என்றாள். அப்படியானால் ஒட்டியது பெந்தி காலத்துச் செய்தி, ஒட்டியவரும் அப்போதே இங்கே இருந்தவராக இருக்க வேண்டும் என்றார் ராக்கெல்.

ஒஸ்மோவைக் காப்பி அறையில் பிடித்தார்கள். தாடிக்காரன். தைஸ்தோ ஒன்று கேட்டால் இரண்டு பதில் சொன்னான், இரண்டுக்கும் நடுவில் சைமி பயன்படுத்தும் கருவிகளைத் திட்டினான். அந்த வியாழக்கிழமை காப்பி நேரம் முழுக்க இதே மேசையில் இருந்ததாகச் சொன்னான். எந்த மொழி செத்துவிட்டது என்று மூன்று பேரோடு சண்டை. மூன்று பேரையும் கேட்டுக்கொள்ளலாம். பெந்தி காலத்திலிருந்து இங்கே இருப்பவர்கள் தானும், சைமியும், ஹெல்காவும், ஹெல்காவின் அண்ணன் அர்மாஸும்தான். ஹெல்காவுக்கு நிரல் என்றால் ஆகாது, கணக்கு மட்டும்தான்.

"அர்மாஸ் என்ன வேலை பாக்கறார்?" என்றார் ராக்கெல்.

ஒஸ்மோ முகத்தில் சிரிப்பு வந்தது. நிறுவனத்தைத் தொடங்கியவரே அவர்தான். முதல் நிரல் முழுக்க அவர் எழுதியது. வயதானதும் சுத்தம் செய்கிறேன் என்று ஆரம்பித்துவிட்டார். வருவார், பிடிக்காத வரிகளைத் தூக்கிப் போடுவார், மறுநாள் எல்லாம் படுத்துக்கொள்ளும். இரண்டு வருடம் முன்பு எல்லாரும் சேர்ந்து அவருடைய அனுமதியைப் பிடுங்கிவிட்டார்கள். இப்போது ஆலோசகர். வெள்ளிக்கிழமைகளில் எல்லாருக்காகவும் சவுனாவை, அதாவது நீராவிக் குளியலறையை, சூடாக்குகிறார்.

"இன்னிக்கு வெள்ளிக்கிழமை," என்றான் தைஸ்தோ.

"அழிஞ்ச வரியைப் பத்தி நீ என்ன நினைக்கறே?" என்று ராக்கெல் ஒஸ்மோவைக் கேட்டார்.

"வருஷக்கணக்கா பாத்துட்டிருக்கேன். அது ஏன் அங்க இருக்குன்னு புரியல. புரியலங்கறதால தொடல."

வெளியே வெளிச்சம் வந்திருந்தது. சவுனா ஏரிக்கரையில், அலுவலகத்துக்குப் பின்னால். புகைபோக்கியில் புகை. வெளிச்சுவரில் ஆணி அடித்து, அதில் மூக்குக் கண்ணாடி ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். தைஸ்தோ அதைத் தூக்கிப் பார்த்தான். தடித்த கண்ணாடி.

"போட்டுக்கிட்டா செவ்வாய்க் கிரகம் தெரியும்," என்றான்.

"இருந்த இடத்துல வை," என்றார் ராக்கெல்.

அர்மாஸ் சர்கோலா அடுப்புக்கு முன் குந்தி உட்கார்ந்து விறகு வைத்துக்கொண்டிருந்தார். எழுபதை நெருங்கிய பெரிய உடம்பு. சிவந்த முகம். விருந்தாளிகளைப் பார்த்ததில் சந்தோஷப்பட்டார். உட்காரச் சொன்னார். சவுனாவில் கண்ணாடி போட முடியாது, ஆவி படிந்துவிடும், அதனால் யார் வந்திருக்கிறார்கள் என்று குரலை வைத்துத்தான் கண்டுபிடிப்பேன் என்றார். ஹெல்கா ஆள் வைத்து விசாரிக்கிறாள் என்று கேள்விப்பட்டாராம். எதற்கு இவ்வளவு அமர்க்களம், வரியைத் திருப்பி வைத்தாகிவிட்டது, ஒருவரும் முங்கவில்லை, விஷயம் முடிந்தது என்றார்.

ராக்கெல் கோட்டுப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். "அழிச்ச வரி இதுதான் ஐயா. நீங்க தொடங்கின கம்பெனி. இந்த வரி எப்படின்னு நீங்கதான் சொல்லணும்."

அர்மாஸ் தாளை வாங்கினார். கையை நீட்டிப் பிடித்து ஒரு கணம் பார்த்தார்.

"குப்பை," என்றார். "எவனோ ஒரு பைத்தியக்காரன் எழுதியிருக்கான். மேல ஒரு விளக்கம் கிடையாது. ஏரி திறந்திருக்கா மூடியிருக்கான்னு நிரல்ல குறிச்சு வெக்கற பெட்டிக்கு எவனாவது 'மாமியார்'னு பேர் வெப்பானா? மாமியார் சரின்னு சொல்றவரைக்கும் ஏரியை மூடி வை. இதை அறிவுள்ள மனுஷன் எழுதுவானா? ஒஸ்மோவாத்தான் இருக்கும். அவனுக்கு மாமியார்கூட ஆகாது."

தைஸ்தோ அவர் தோளுக்கு மேலே எட்டித் தாளைப் பார்த்தான். பிறகு வாயைப் பொத்திக்கொண்டான்.

"தைஸ்தோ, சத்தமாப் படி," என்றார் ராக்கெல்.

"மீன் ரொட்டியை ஈரத் துணியில சுத்தவும். மிதமான சூட்டில ஒரு மணி நேரம் வெக்கவும். வெண்ணெயோட பரிமாறவும்."

அடுப்பில் ஒரு விறகு வெடித்தது.

"எந்த வரி அழிஞ்சதுன்னு மூணு பேருக்குத்தான் தெரியும்," என்றார் ராக்கெல். "நீங்க நாலாவது ஆள். கண்ணாடி இல்லாமலே."

அர்மாஸ் அடுப்புக் கதவைச் சாத்திவிட்டு, சின்னப் பையன் மாதிரி முழங்காலைக் கட்டிக்கொண்டு சொன்னார். இரண்டு வருடமாகக் கை அரிக்கிறது. சைமியின் குறிப்புகளை ஒன்று விடாமல் படிக்கிறவர் அவர்தான். அந்தக் கடைசிக் குறிப்பைப் பார்த்ததும் இரவு தூக்கம் வரவில்லை. நெடுநாளாகக் கண்ணில் குத்திக்கொண்டிருந்த ஒரு வரி ஞாபகம் வந்தது. மறுநாள் அவள் கணினி திறந்து கிடந்தது. ஒரே ஒரு வரிதான். யாராவது பார்த்தால் கேக்குக்காக உட்கார்ந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று செய்தியும் அனுப்பினார்.

"யாரு கத்தறாங்கன்னு பாக்கத்தானே எழுதியிருந்தா," என்றார். "படத்தைப் பாத்ததும் எனக்குத் தெரிஞ்சுபோச்சு. ஹெல்கா திட்டுவாளேன்னு பேசாம இருந்துட்டேன்."

"உங்க தங்கச்சி பன்னெண்டு மணிக்குச் சைமி பேரைக் குடுக்கப் போறாங்க. அவளுக்கு வேலை போகுது."

அர்மாஸ் எழுந்தார். முகத்தில் இருந்த சிவப்பு இறங்கிவிட்டது. "சைமி பேரையா? எனக்கு யாரும் சொல்லலியே."

கண்ணாடியை எடுக்க மறந்து, செருப்பில்லாமல், பனியில் அலுவலகத்தை நோக்கி நடந்தார். தைஸ்தோ ஆணியிலிருந்து கண்ணாடியை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினான்.

ஹெல்காவின் அறையில் அர்மாஸ் எல்லாவற்றையும் மறுபடி சொன்னார். இந்த முறை வேகமாக. சைமி கதவோரம் நின்று கேட்டாள். ஹெல்கா செய்தித்தாளை மடித்து வைத்தார். கடைசியில் அர்மாஸ், தப்பு தன்னுடையதுதான், ஆனாலும் அப்படி ஒரு வரியை அப்படி ஒரு பெயரில் எழுதியவனையும் கொஞ்சம் கேட்க வேண்டும் என்றார்.

சைமி ஹெல்காவின் கணினியைத் தன் பக்கம் திருப்பினாள். வரியின் பழைய கதையைத் தேடி எடுத்து, அர்மாஸ் பக்கம் காட்டினாள். தைஸ்தோ கண்ணாடியை அவரிடம் கொடுத்தான்.

"பதினஞ்சு வருஷத்துக்கு முன்னாடி," என்றாள் சைமி. "எழுதினது நீங்க."

அர்மாஸ் படித்தார். இன்னொரு முறை படித்தார். உதடுகள் அசைந்தன. அவருடைய மாமியாரின் வீடு அக்கரையில் இருந்தது என்று, யாரிடமோ சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார். ஒவ்வொரு குளிர்காலத்திலும் அந்தக் கிழவிதான் முதலில் கம்பை ஊன்றிக்கொண்டு பனிக்கட்டிமேல் நடந்து பார்ப்பாள். தாங்கும் என்று தெரிந்தால் போன் பண்ணுவாள். அவள் போன் வருகிறவரை எவனும் ஏரியில் வண்டி இறக்க மாட்டான். முதல் நிரல் எழுதும்போது நகராட்சியில் அளக்க ஆள் இல்லை. கிழவிதான் அளவு.

"அதை மேல எழுதியிருக்கலாமே," என்றார் ஹெல்கா.

"எல்லாருக்கும் தெரியும்னு நினைச்சேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என் பேரைச் சொல்லிடு ஹெல்கா. நான் இனிமே இந்தப் பக்கம் வரல."

"உங்க பேருதான் அண்ணா வாசல்ல எழுதியிருக்கு," என்றார் ஹெல்கா. "சர்கோலாவே வேலையை விட்டுப் போயாச்சுன்னு சர்கோலாலேந்து எழுதிக் குடுக்கறதா? அடுத்த நிமிஷம் ஒப்பந்தத்தைக் கிழிச்சுடுவாங்க. அப்புறம் இங்க யாருக்குமே வேலை கிடையாது. இவளுக்கும் சேத்துத்தான்."

தைஸ்தோ ஏதோ சொல்ல வாயெடுத்தான். ராக்கெல் அவன் கையைத் தொட்டார்.

போன் அடித்தது. ஹெல்கா எடுத்தார். ஆமாம் என்றார். விசாரித்துவிட்டோம் என்றார். ஒரு நிமிஷம் இருங்கள் என்று சொல்லி, பேசும் இடத்தை உள்ளங்கையால் மூடினார். அண்ணனைப் பார்க்கவில்லை. சாக்குப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றவளைப் பார்த்தார்.

"நீயே சொல்லு சைமி. யார் பேரை நான் குடுக்கட்டும்?"